பதின்மூன்றாவது தட்டு

பிலிப்பைன்ஸின் லாஸ் பானியோஸ் ஆய்வுக்கூடத்தில், நெற்பயிருக்குக் குலைநோய் தரும் பூஞ்சையை வளர்ப்பது என் வேலை. அது இனம் பெருக்கத் தேவையான மரபணுவை டாக்டர் எபிஃபானியோ நீக்கிவிட்டார். இனி அது வளரும், வித்து விடாது. வெள்ளிக்கிழமை அதைச் சொல்லும் அவர் அறிக்கை போக வேண்டும்.

திங்கள் மாலை வளர்ப்புப் பெட்டியில் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள் வைத்தேன். செவ்வாய் காலை பதின்மூன்று இருந்தன. கடைசித் தட்டு சட்டைப் பொத்தான் அளவு. மூடி இருந்தது. உள்ளே பூஞ்சை இருந்தது. மூடியில் என் கையெழுத்திலேயே பொடியாகத் தேதி இருந்தது. புதன் காலை அது பிஸ்கட் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"குழந்தை பொறந்திருக்கு டாக்டர். ஆயுசு நீளணும், பன்சித் நூடுல்ஸ் வாங்கிப் போடுங்க," என்றார் தட்டு கழுவும் நெனிட்டா அக்கா.

"விளையாடாதீங்க. பூஞ்சை வித்து விட்டிருக்கா?"

நுண்ணோக்கியில் பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல டாக்டர்."

"அப்ப என் அறிக்கை சரி. தட்டு பெருகாதுன்னு நான் எங்கயும் எழுதல."

ஆனாலும் அவருக்கு எங்கள்மேல் சந்தேகம். அன்று பெட்டியைத் தானே பூட்டி, இருந்த ஒரே சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வியாழன் காலை பூட்டு அப்படியே இருந்தது. டாக்டர் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதே வளையத்தில், நெல்மணி அளவில் இன்னொரு சாவி தொங்கியது.

டாக்டர் பெட்டியைத் திறக்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"வீட்டுல நீ ஒருத்திதானே இருக்க?"

"இருங்க, எண்ணிப் பாத்துச் சொல்றேன்," என்றது போன்.