மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி

"இது எஞ்சினா, இல்ல இடியாப்ப உரலா வே? ஒரு பிஸ்டனையும் காணோமே!"

எதிர்ப்பக்க லேத்துப் பட்டறைக் கணேஷ்ராம், அந்த ஜப்பான் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டான்.

"பிஸ்டன் கிடையாதுலே. உள்ள முக்கோணமா ஒண்ணு சுத்தும், அதான் ரோட்டரி எஞ்சின். பைய தலைய எடு, வெளிச்சத்த மறைக்க," என்றார் நூர்முகம்மது.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. மேலப்பாளையத்தில் எந்த வண்டிக்கு நோய் வந்தாலும் இந்த முற்றத்துக்குத்தான் வரும். அம்பாசிடர் தெருமுனையில் இருமும்போதே மருந்து சொல்லிவிடுகிற மனிதரை, இந்த ஜப்பான் கார் இரண்டு நாளாகத் தலையைச் சொறிய வைத்திருந்தது.

கார் ஜெபஸ்டினுடையது. துபாயில் ஒரு பெரிய பட்டறையில் சூப்பர்வைசர். வண்டியைக் கப்பலில் கொண்டுவந்தவன், திங்கட்கிழமை இங்கே நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"பாய், எங்க முதலாளிக்கு இந்த எஞ்சினத் தொடத் தெரிஞ்ச ஆளு வேணும். வெள்ளிக்கிழமை நான் கிளம்புததுக்குள்ள நீங்க இதச் சரி பண்ணிட்டா, விசா உங்களுக்குத்தான்."

பானெட்டைத் திறந்து காட்டி, புத்தகத்தை விரித்து விளக்கமும் சொன்னான். "ஸ்பார்க் விழுத நேரம்தான் தப்பு. முன்னால இருக்க புல்லிச் சக்கரத்துல மஞ்சப் புள்ளி ஒண்ணு, சிவப்புப் புள்ளி ஒண்ணு இருக்கும். மஞ்சளுக்கு நேரா மொத ப்ளக், சிவப்புக்கு நேரா ரெண்டாவது ப்ளக். அவ்வளவுதான்."

தேநீர்த் தட்டோடு நின்ற நூர்முகம்மதுவின் மனைவி ஜுபைதா பீவி, "எத்தன வருசம் தம்பி அங்கன இருக்கணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவு உண்டுக்கா."

"நல்ல காரியம். போயிட்டு வரட்டும்."

அன்றைக்கே பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி வெயிலில் காயவைத்துவிட்டாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு வழியனுப்ப இவ்வளவு அவசரமா என்று நூர்முகம்மதுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. தெருவே லீவு. புதன்கிழமை ஆரம்பித்த வேலை, இதோ வியாழன் மதியம் ஆகியும் முடியவில்லை. ஸ்பார்க் நேரம் காட்டும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால் இரண்டு புள்ளிகளும் பளிச்சென்று நேராகத்தான் நிற்கின்றன. சாவியைத் திருப்பினால் வண்டி இருமியது, விக்கியது, சைலன்சர் வழியாக வெடி போட்டது. முற்றத்தில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

வண்டியைப் பார்க்க வந்து நின்ற ஜெபஸ்டின் கடிகாரத்தைப் பார்த்தான். "முடியலன்னா சொல்லிருங்க பாய். மெட்ராஸ்ல ஒரு ஆளு இருக்காரு."

நூர்முகம்மது மறுபடியும் புல்லியை நோக்கிக் குனிந்தார். மஞ்சள் புள்ளியின் ஓரம் லேசாகப் பெயர்ந்திருந்தது. ஜப்பான்காரன் பெயின்ட் இப்படிப் பெயருமா? கட்டைவிரலால் சுரண்டினார். தூள் தூளாக வந்தது. சிவப்பும் அப்படியே.

மண்ணெண்ணெய்த் துணியால் புல்லி முழுவதையும் துடைத்தார். இரண்டு விரற்கடை தள்ளி, பழைய கிரீசுக்கு அடியில், இரும்பிலேயே வெட்டிய இரண்டு கோடுகள். ஒன்றில் மங்கிய மஞ்சள், இன்னொன்றில் மங்கிய சிவப்பு.

ஸ்பார்க்கை அந்தக் கோடுகளுக்கு நேராக வைத்து, சாவியைத் திருப்பினார். உளுந்து அரைக்கிற கிரைண்டர் மாதிரி எஞ்சின் இழைந்தது.

ஜெபஸ்டின் குலவணிகர்புரம் ரயில்வே கேட் வரை பறந்துபோய்த் திரும்பி வந்தான். முகமெல்லாம் பல். "விசா உங்களுக்குத்தான் பாய்! முதலாளிக்கு இப்பமே போன் போடுதேன்." பக்கத்திலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினான்.

நூர்முகம்மது கணேஷ்ராமைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஆயுத பூஜைக்கு இந்த வண்டிக்கும் பொட்டு வச்சியா?"

"வச்சேன். தெருவுல நின்ன எல்லாத்துக்கும் வச்சேன். உம்ம ஆட்டுக்குக்கூட வச்சேன்."

"உன் மஞ்ச குங்குமத்தால எம் பொழப்புல்லா போகப் பாத்துது!"

"நான் கண்ணாடியிலயும் பானெட்டு மேலயும்லா வச்சேன்! இத எங்கன இழுத்தா திறக்கும்னே எனக்குத் தெரியாது வே."

"புளுகாதலே," என்று சிரித்துக்கொண்டே நூர்முகம்மது முகத்து வியர்வையை வழித்தார். விரல் வலது கண்ணில் பட்டது.

"யா அல்லா!"

கண்ணில் கங்கு விழுந்தது போலிருந்தது. அலறல் கேட்டு ஜுபைதா சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். "குனிங்க மச்சான், கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதீங்க," என்று ஊற்றினாள்.

நாலாவது கை தண்ணீருக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. கணேஷ்ராம் வீட்டு விசேஷங்களில் எத்தனையோ தடவை குங்குமம் கண்ணில் விழுந்திருக்கிறது. உறுத்தும், இப்படி எரியாது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் வாடைக்கு அடியில் மீன்குழம்பு மணத்தது.

மஞ்சள்தூள். மிளகாய்த்தூள்.

ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்தார். சொம்பு காலியாகி வெகு நேரமாகிவிட்டது. ஜுபைதா அவர் முகத்தைப் பார்க்காமல் அதைச் சாய்த்துக்கொண்டே நின்றாள்.

"பாய்!" பூத்திலிருந்து தலையை நீட்டிக் கத்தினான் ஜெபஸ்டின். "முதலாளி லைன்ல இருக்காரு. அடுத்த மாசமே புறப்பட முடியுமான்னு கேக்காரு!"

நூர்முகம்மது அவள் கையிலிருந்த சொம்பை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

"விசா மெடிக்கல் டெஸ்ட்ல தேறமாட்டேன்னு சொல்லிருங்க தம்பி. எனக்கு ஒரு கண்ணு சரியில்ல!"