மருந்து கொடுக்காத கூண்டு

எட்டாவது எலியின் கழுத்தை ஒரே திருகாகத் திருகி, வயிற்றைக் கிழித்து ஈரலைப் பிடுங்கிய ஆராய்ச்சியாளர், கத்தியை மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"மருந்து கொடுத்த எலிங்களுக்கு ஈரல் நல்லாத்தான் இருக்கு. கொடுக்காத கூண்டுல எட்டும் வெந்துபோய்க் கிடக்கு! மருந்தை மாத்திக் கொடுத்தியா?"

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். யார் கையை ஓங்கினாலும் அவள் அப்படித்தான்.

"சத்தியமா இல்ல சார். அந்தக் கூண்டுக்கு மட்டும் என் சாப்பாட்டைப் போட்டேன், ஒரு மாசமா."

"நீ ஏன் சாப்பிடல?"

"தொண்டையில இறங்கல சார்."

அவர் ஈரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "அப்படி என்னம்மா போட்டுச் சமைச்ச?"

"நான் எங்க சமைச்சேன்?" கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "இதை உடைச்ச மறுநாள் என் வீட்டுக்காரர் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். அன்னிலேருந்து அவரேதான் சமைச்சு, டப்பாவுல கட்டிக் கொடுக்கிறார். அந்தக் கையால போட்டதுன்னு நெனச்சா வாயில வைக்க முடியல."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஆராய்ச்சியாளர் போலீசுக்குப் போன் போட்டார். மேஜைத் தட்டிலிருந்த எட்டு ஈரல்களையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.