முட்டுக்கல்

அந்த வேனின் கை பிரேக் பேருக்குத்தான். தேயிலை மலையில் எங்கே நிறுத்தினாலும் டிரைவரின் மச்சினன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுப்பான். கிளம்பும்போது, "மாமா, கல்லை எடுக்கட்டுமா?" என்பான். டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எடுடா" என்பார். வருஷக்கணக்காக இதே பாட்டுதான்.

"இனிமே அக்கா மேல கை வச்சீங்க, கையை முறிச்சிடுவேன்" என்று நேற்று அருவி முனையில் வைத்து மச்சினன் சொன்னான். டிரைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தக் கல்லாலேயே அவன் மண்டையைப் பிளந்தார். முகம் அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தார். ஆளை அருவிக்குள் உருட்டிவிட்டு, கல்லையும் பின்னாலேயே வீசினார்.

இன்று அதே இடத்துக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். பள்ளத்துக்கு முதுகு காட்டி வேனை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே, "யாராவது ஒரு கல்லு பார்த்து வைங்க" என்றார்.

"உங்க ஆளுதான் வச்சுட்டாரே அண்ணே" என்று சொல்லிவிட்டு, இறங்கிய அம்மாள் பிள்ளைகளோடு அருவி பார்க்கப் போய்விட்டாள்.

டிரைவர் மெதுவாகக் காலை எடுத்தார். வேன் அசையவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். அதே கல். ஈரம் சொட்டியது. ஒரு முனையில் முடி ஒட்டியிருந்தது.

வேனின் மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது. "மாமா, கல்லை எடுக்கட்டுமா?"

அவர் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எடுடா."

சத்தம் கேட்டுக் குடும்பம் ஓடி வந்தபோது வேனும் இல்லை, டிரைவரும் இல்லை. கீழே தேயிலைச் செடிகள் ஒரே கோடாக நசுங்கிச் சிவந்திருந்தன. மேலே கல் மட்டும், யார் காலிலும் இடறாதபடி, ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.