ஓட்டைக் கையுறை

புதுக் கையுறை கைக்கு வந்ததும் தெய்வானை கத்தரிக்கோலைத்தான் தேடினாள். பெயிண்ட் அடிக்கும் அறையின் வாசலில் நின்று, வலது கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தை வட்டமாக வெட்டி எடுத்தாள். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த பாதுகாப்பு அதிகாரி பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றீங்க? பெயிண்டுக்கே கரண்ட் ஏத்தி அடிக்கிற ஸ்ப்ரே கன் இது. ரப்பர் இருந்தாத்தானே ஷாக் அடிக்காது?"

"ஷாக்குக்குப் பயமில்ல சார். கன்னோட பிடிக்கு எர்த் குடுத்திருக்கு. வெறும் தோல் அதுல பட்டாத்தான் என் மேல ஏறுற கரண்ட் இறங்கும். இல்லன்னா உடம்புலயே சேர்ந்துக்கிட்டு, நான் எந்த இரும்பைத் தொட்டாலும் பொறி பறக்கும். உள்ள பூரா தின்னர் ஆவி."

"ஓட்டைக் கையுறையோட உள்ள விட முடியாது. ரூல் அப்படி. மேல எழுதி அனுப்பிருவேன்."

"அனுப்புங்க. ஓட்டை இல்லாம நான் உள்ள போகமாட்டேன்."

பெயிண்டுக்காகக் கொக்கிகளில் தொங்கிய பீரோக் கதவுகள் அசையாமல் காத்திருந்தன. தெய்வானை தன் லாக்கரைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பழைய கையுறையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதன் புறங்கைப் பக்கம் கருகிச் சுருங்கிக் கிடந்தது. கன்னை இறுக்கிப் பிடித்திருந்த உள்ளங்கைப் பக்கம் மட்டும் இன்று வாங்கியதுபோல் பளபளத்தது.

"எனக்கு முன்னாடி இங்க பெயிண்ட் அடிச்ச சகாயம் அண்ணனோடது. நல்லாத் திருப்பிப் பாருங்க சார். ஒரு ஓட்டை கிடையாது."