சுகந்த வசம்பு

ஜேசுரட்ணம் குளத்தோரத்தில் குந்தியிருந்து ஒரு இலையை முறித்தார். வாள்போல நீண்ட பச்சை இலை. அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கியபடி எழும்பி, நேரே மனைவியின் மூக்கடிக்குக் கொண்டுவந்தார்.

“இஞ்சாரும், முதல் நீர் மணந்து பாரும்.”

லூர்தம்மா மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.

ஒன்றுமே வரவில்லை. ஏப்ரல் மாதக் குளிர் மட்டும் மூக்குக்குள் ஏறி இறங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. போகும்போது மணங்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போனது. ஒரு கிழமையில் திரும்பி வரும் என்று நினைத்தாள். பிறகு ஒரு மாதத்தில் வரும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டாள். கறித்தூளை நிறம் பார்த்து வறுத்தாள். அடுப்பைக் கடிகாரம் பார்த்து அணைத்தாள். அவருக்குத் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இந்த இலைக்கு மட்டும் அவள் என்ன செய்வாள்?

ஜெர்மனியின் ஹாலே நகருக்கு வெளியே இருந்த இந்தத் தேவாலயத்தின் பின்வளவில், விவிலியத்தில் வருகிற செடிகளையெல்லாம் நட்டுத் தோட்டம் போட்டிருந்தார்கள். குளக்கரைப் பலகையில் வசம்பின் ஜெர்மன் பெயரைக் ‘கல்முஸ்’ என்று எழுதி, மோசே அபிஷேக எண்ணெய்க்குச் சேர்த்த பொருள்களைக் கீழே போட்டிருந்தது. வெள்ளைப்போளம், கறுவா, வசம்பு. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஜேசுரட்ணத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று பூசை முடிந்த கையோடு ஒன்றும் சொல்லாமல் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அவர்களுடைய வீட்டில் வசம்புக்கு ஒரு கதை உண்டு. அகதிகள் தங்குமிடத்தில் இருந்த காலம். மூன்று மாதக் குழந்தை மிதுசா வயிறு ஊதி வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். வசம்புக்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று தங்குமிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜேசுரட்ணம் மருந்துக்கடைக்குப் போய், மூலிகைப் போத்தல்களைக் காட்டிக் காட்டித் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக மணந்து பார்த்திருக்கிறார். கடைக்காரி முதலில் முறைத்தாளாம். பிறகு தானே மூடிகளைத் திறந்து திறந்து நீட்டினாளாம். பதினேழாவது போத்தலில் வசம்பு அகப்பட்டது. அதைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவியதும் பிள்ளை நித்திரையானாள். பிள்ளைக்குப் பக்கத்திலேயே தாயும் தகப்பனும் நித்திரையானார்கள்.

அந்த மனிதனிடம் மணக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

“ஓம்,” என்றாள் லூர்தம்மா. “அதே மணம். அப்பிடியே அதே மணம்தான்.”

ஜேசுரட்ணத்தின் முகம் மலர்ந்தது. கண் கலங்கிவிட்டது. ஒரு இலைக்கு இவ்வளவு சந்தோசமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

“மெய்யாத்தானோ? மணக்குதோ?”

“மெய்யாத்தான்.”

அதற்குப் பிறகுதான் அவர் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார். மணந்தார். இலையை இன்னும் அழுத்திக் கசக்கி மறுபடியும் மணந்தார். அவர் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குவதை லூர்தம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோட்டத்தைப் பராமரிக்கும் அன்னா கைவண்டியைத் தள்ளியபடி வந்தாள். சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னாள்: “அது கல்முஸ் இல்லை. தானாக முளைத்த மஞ்சள் ஐரிஸ். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எல்லோருமே ஏமாறுவார்கள். ஆனால் அதற்கு மணமே இல்லை. கல்முஸ் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.”

லூர்தம்மாவின் காதுமடல் சுட்டது. அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“இல்லை,” என்று ஜேசுரட்ணம் ஜெர்மனில் தடக்காமல் சொன்னார். “எங்கள் இரண்டு பேருக்கும் மணந்தது.”

அன்னா அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

லூர்தம்மா தலையை நிமிர்த்தினாள்.

“எப்ப தொடக்கம் தெரியும் உங்களுக்கு?”

“என்ரை பிறந்தநாள் தொடக்கம்,” என்றார். “நீர் பாயாசம் காய்ச்சினீர். அடிப்பிடிச்சு வீடு முழுக்கப் புகைமணம். நீர் சிரிச்சுக்கொண்டு துழாவிக்கொண்டு நிண்டீர்.” கையிலிருந்த இலையை அவர் எறியவில்லை. “வேறை ஒண்டும் மணக்காட்டிலும், இதாவது மணக்குமோ எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

லூர்தம்மாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மகன் யூட் குடும்பத்தோடு வந்து கூடத்தில் இருந்தான். இந்த மனிதர் பாயாசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். இது என்ரை பிறந்தநாள் பாயாசம், ஒருத்தருக்கும் தரமாட்டன் என்று உள்ளே இருந்து சத்தம் போட்டார். வந்தவர்களுக்கு அவள் குளிர்பெட்டியிலிருந்த ஐஸ்கிரீமை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவாப்பிடிச்ச மனிசன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் ஏசினாள். அதற்குப் பிறகும் ஒரு கிழமை முகம்கொடுத்துப் பேசவில்லை.

“முழுச் சட்டியையுமோ சாப்பிட்டனீங்கள்?”

“ஓம்,” என்றார் ஜேசுரட்ணம். “அடிப்பக்கம்தான் கொஞ்சம் கசந்தது.”