மூன்று முறை ஒன்ஸ் மோர்

கால்வாய்க் கரைக்குப் படம் காட்டும் வண்டி வந்ததும் ரெஜினா இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். இலவசக் காட்சி, அதுவும் கரைக்காரர்களே நடிக்காமல் நடித்த படம். தெருக் கேமராக்கள் பார்த்து வைத்திருந்ததைக் கொண்டு இயந்திரமே எடுத்ததாம்.

முதல் பாதியில் எல்லாம் உள்ளபடியே இருந்தது. வீட்டுக்குள் முழங்காலளவு சாக்கடை, குடிதண்ணீருக்கு அடிதடி, போன மழையில் காய்ச்சலில் செத்துப்போன அவள் மகள் ஜெனிபா. கூட்டம் வாய்விட்டு அழுதது.

பிறகு வீடுகளுக்கு இறக்கை முளைத்தது. நாற்பது வீடும் கரையை விட்டு எழும்பி, மேகத்தைத் தாண்டிப் பறந்து, ஒரு பச்சை மலையில் இறங்கின. அங்கே வாசலில் நின்று ஜெனிபா கையசைத்தாள்.

ரெஜினா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். முதலில் "ஒன்ஸ் மோர்" கேட்டதும் அவள்தான். வீடுகள் மேலும் மூன்று முறை பறந்தன.

மறுநாள் காலை ஓர் அதிகாரி வந்தார். "சாமானக் கட்டும்மா. லாரி வந்துட்டிருக்கு."

"எங்க சார் போறது? யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

அவர் கோபப்படவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதில், நேற்றைய கூட்டத்தில், கண்ணீர் வழிய ரெஜினா விசிலடித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'சம்மதம்: மூன்று முறை' என்றிருந்தது.

"உங்களத்தான்மா கேட்டோம்."

ரெஜினா கைப்பேசியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மலைக்கா சார்?"

"மலையெல்லாம் சினிமாம்மா."

தெருமுனையில் லாரிகள் திரும்பின. ஒவ்வொன்றின் இரு பக்கமும் வெள்ளை இறக்கை வரைந்திருந்தது.