எதிர் நாற்காலி

"உள்ள போய் வாயைத் திறக்காதே. கேட்டா மட்டும் பதில் சொல்லு," என்று குடியேற்ற அலுவலக வாசலிலேயே ஜுசேலியா கணவன் ஃபின்டனிடம் சொல்லியிருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கையால் நாற்காலிகளைக் காட்டிவிட்டு, கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐரிஷ்காரனான ஃபின்டனுக்கு மௌனம் ஆகாது. "ஞாயித்துக்கிழமை மேட்ச் பாத்தீங்களா மேடம்? நம்ம கால்வே டீம் பசங்க மானத்தை வாங்கிட்டானுங்க."

திரையைப் பார்த்து அவள் புருவம் சுருங்கியது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து அவன் மேசையருகே குனிந்தான்.

"நானே சொல்லிடறேன் மேடம். அரசாங்கக் காசுல பிழைக்கிறவன் பெண்டாட்டிக்கு இங்க தங்க அனுமதி தர மாட்டாங்கன்னு தெரியும். இறைச்சி ஆலையில என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இப்போ வேலையில்லாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகையிலதான் சாப்பிடறோம். மனுவுல மட்டும் வேலை இருக்குன்னே விட்டுட்டேன். இவளை பிரேசிலுக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க!"

ஜுசேலியா அவன் காலை மிதித்தாள். அதற்குள் எல்லாம் கொட்டியாகிவிட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நீங்க மூச்சு விட்டாத்தானே நான் சொல்ல முடியும்? நான் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவ. ஆபீசர் டீ குடிக்கப் போயிருக்கார்."

கதவு திறந்தது. "சரியாயிடுச்சா ஓர்லா?" என்று கேட்டபடி அதிகாரி வந்தார். "இவங்க என்ன சொல்றாங்க?"

ஓர்லா வயரைச் சுருட்டினாள். ஃபின்டனை ஒருமுறை பார்த்தாள்.

"மழையைப் பத்திப் பேசிட்டிருந்தார்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதிகாரி உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார்.

"அப்புறம் ஃபின்டன், ஆலையில வேலையெல்லாம் எப்படிப் போகுது?"